ஆறு பைட்டில் ஒரு பிரபஞ்சம், நானூறு அட்டையில் ஒரு முந்தி



போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு, அதாவது தேசூருக்குப் போயிருந்தேன். எங்க வீட்டு முன்கூடத்தில் சித்தப்பாவோட தறி இருக்கு. ஆரணிப் பட்டுன்னு நீங்க கடையில் பார்க்கிற புடவைகளில் பல, இந்த மாதிரி சுத்துப்பட்டு ஊர்களில், வீட்டுக்குள்ளேயே நெய்ததுதான். சித்தப்பா தறியில் உட்கார்ந்திருப்பார், சித்தி தார் சுத்துவாங்க. நான் மூலையில் லேப்டாப்போட உட்கார்ந்து நாற்பது வருஷப் பழைய ஒரு கேமை ஆடிக்கிட்டிருந்தேன்.

"இன்னாடா அது, வெறும் கோடா இருக்கு?" என்றார் சித்தப்பா, திரையை எட்டிப் பார்த்து.

"விண்வெளிக் கப்பல் சித்தப்பா. இதுல 2048 கோள் இருக்கு. எல்லாத்துக்கும் பேர் இருக்கு."

"அத்தனையும் எங்க வெச்சிருக்கான்?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். பதிலில் பாதி கேமுக்குள் இருந்தது. மீதிப் பாதி சித்தப்பாவோட தறிக்கு மேல் தொங்கிக்கிட்டிருந்தது.

மறுபடியும் எலைட்

கேமின் பெயர் எலைட். 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர்கள் டேவிட் பிராபென், இயன் பெல். ரெண்டு பேரும் அப்போ கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், கிட்டத்தட்ட நம்ம வயசு.

உங்களிடம் ஒரு கப்பல், 100 கிரெடிட் பணம். லேவ் என்ற கோளுக்கு மேலே சுற்றும் நிலையத்தில் நிற்கிறீர்கள். அவ்வளவுதான் ஆரம்பம். 'லெவல் 1' கிடையாது, மூன்று உயிர் கிடையாது, 'இதை முடி' என்று யாரும் சொல்வதும் கிடையாது. விவசாயக் கோளில் உணவு மலிவு, அதை வாங்கித் தொழிற்கோளில் விற்கலாம். அங்கே கம்ப்யூட்டர் மலிவு, அதை வாங்கிக்கொண்டு திரும்பலாம். இல்லையென்றால் கொள்ளைக்காரனாகலாம், கொள்ளைக்காரர்களை வேட்டையாடலாம். இன்று 'ஓப்பன் வேர்ல்டு' என்று சொல்கிறோமே, அதன் முன்னோடிகளில் முக்கியமானது இது. முதலில் அணுகிய தார்ன் இஎம்ஐ நிறுவனம் இதை ஏற்கவில்லை. அந்தக் காலத்து ஆர்கேட் பழக்கப்படி ஸ்கோர், மூன்று உயிர், பத்து நிமிடத்தில் முடிகிற ஆட்டம், இதெல்லாம் எங்கே என்று கேட்டதாம்.

நான் இதை முதல் வருஷத்தில் ஒரு தடவை ஆடியிருக்கேன். நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். நம்ம கப்பலும் அதே வேகத்தில் உருண்டு, அந்தச் சின்ன வாசலுக்குள் நுழையணும். ஏழு தடவை மோதிச் செத்தேன். 'போய்யா' என்று மூடிவைத்துவிட்டேன். இந்த லீவில் மறுபடி எடுத்தபோது, ஒரு சாயங்காலம் முழுக்க முயன்று ஒருவழியாக உள்ளே நுழைந்தேன். அடுத்து லேவிலிருந்து ஜாவோன்ஸுக்கு உணவு, திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் என்று ஓட்ட ஆரம்பித்ததும் நேரம் போனதே தெரியவில்லை.

இது முதலில் ஓடியது பிபிசி மைக்ரோ என்ற கணினியில். அது நமக்கு முழு அந்நியம் இல்லை. 1984-85இல் நம்ம மத்திய அரசு பள்ளிகளில் கணினி அறிமுகப்படுத்த 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, வகுப்பறைக்கு வந்தது இதே பிபிசி மைக்ரோதான். நம்ம அப்பா அம்மா வயதுக்காரர்களில் சிலர் முதன்முதலில் தொட்ட கணினியாகவும் அது இருக்கலாம்.

இடம் இல்லை, என்ன செய்வது?

பிபிசி மைக்ரோவின் மொத்த நினைவகம் 32 கேபி. திரைக்கும் மற்ற வேலைகளுக்கும் போக, ஆட்டத்துக்கு மிஞ்சியது சுமார் 22 கேபி. முப்பரிமாணக் கப்பல்கள், சண்டை, சந்தை எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எட்டு விண்மீன் மண்டலம், ஒவ்வொன்றிலும் 256 கோள். மொத்தம் 2048. ஒரு கோளுக்குப் பெயர், இடம், ஆட்சி முறை, பொருளாதாரம், மக்கள்தொகை என்று சிக்கனமாக 30 பைட் வைத்தாலும் 61,440 பைட். அதாவது 60 கேபி. கணினியின் மொத்த நினைவகத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு!

பிராபெனும் பெல்லும் செய்தது இதுதான்: கோள்களைச் சேமிக்கவே இல்லை. கோளை உண்டாக்கும் விதியை மட்டும் சேமித்தார்கள். ஒரு மண்டலத்துக்குத் தேவையான விதை மூன்றே எண்கள், தலா 2 பைட், மொத்தம் 6 பைட். நீங்கள் ஒரு கோளைப் பார்க்கும்போது அது அந்த நொடியில் கணக்குப் போட்டு உருவாகிறது. நகர்ந்துவிட்டால் மறைகிறது. திரும்பி வந்தால் அதே விதை, அதே விதி, அதனால் அதே கோள். இதைத்தான் இன்று ப்ரொசீஜரல் ஜெனரேஷன் என்கிறோம்.

நாமே ஒரு கோள் செய்வோம்

கால்குலேட்டர் எடுங்க. சும்மா படித்துவிட்டுப் போகாமல் நிஜமாகவே போட்டுப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

முதல் மண்டலத்தின் விதை எண்கள்: 23114, 584, 46931.

விதி 1: மூன்றையும் கூட்டு. 65536ஐத் தாண்டினால் அதைக் கழித்துவிடு (2 பைட்டில் அதற்கு மேல் அடங்காது). முதல் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூட்டி வந்ததைக் கடைசியில் சேர். ஃபிபொனாச்சியில் ரெண்டு ரெண்டாகக் கூட்டுவோம், இதில் மூணு மூணாக. அவ்வளவுதான் வித்தியாசம்.

23114 + 584 + 46931 = 70629. அதில் 65536 போனால் 5093.
584 + 46931 + 5093 = 52608.
46931 + 5093 + 52608 = 104632. அதில் 65536 போனால் 39096.

விதி 2: மூன்றில் கடைசி எண்ணை 256ஆல் வகுத்து ஈவை எடு. அந்த ஈவை 32ஆல் வகுத்து மீதியை எடு. கேமுக்குள் ரெண்டு ரெண்டு எழுத்தாக ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. மீதி எத்தனையோ, அந்த எண்ணுக்கான துண்டு பெயரில் சேரும்.

46931: ஈவு 183, மீதி 23. துண்டு 'தி'.
5093: ஈவு 19, மீதி 19. துண்டு 'பெ'.
52608: ஈவு 205, மீதி 13. துண்டு 'டி'.
39096: ஈவு 152, மீதி 24. துண்டு 'எட்'.

சேர்த்துப் படிங்க: திபெடியெட். எலைட்டின் முதல் மண்டலத்தின் முதல் கோள் இதுதான்! (மூலத்தில் ஆங்கில எழுத்துகள், நான் தமிழில் ஒலிபெயர்த்திருக்கேன்.)

இடம் வேண்டுமா? அதே விதையில் ரெண்டாவது எண் 584ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 2. முதல் எண் 23114ஐ வகுத்தால் ஈவு 90. வரைபடத்தில் திபெடியெட் இருக்கும் புள்ளி (2, 90). ஆட்சி முறை, பொருளாதாரம், மக்கள்தொகை எல்லாமே இதே ஆறு பைட்டின் வேறு வேறு பிட்களைக் கிள்ளி எடுப்பதுதான்.

ஒரு கோளுக்கு நான்கு முறை கூட்ட வேண்டும். நான்காவது கூட்டலையும் போட்டால் கையில் இருப்பது 52608, 39096, 31261. அடுத்த கோளுக்கு இதுதான் விதை. இதை வீட்டுப்பாடமாக வெச்சுக்கோங்க. ஒரு குறிப்பு: முதல் எண்ணில் 64க்கான பிட் 1 ஆக இருந்தால் பெயரில் நான்கு துண்டு, 0 ஆக இருந்தால் மூன்றே துண்டு. 52608இல் அது 0. மீதி 0 வந்தால் அந்த இடம் காலி. 26 என்றால் 'க்யூ'. சரியாகப் போட்டால் 'க்யூப்' என்ற கோள் கிடைக்கும். இப்படி 1024 முறை கூட்டினால் 256 கோளும் வந்துவிடும்.

ஏன் எட்டே எட்டு மண்டலம்?

அடுத்த மண்டலத்துக்குப் போக, ஆறு பைட்டில் ஒவ்வொரு பைட்டையும் ஒரு பிட் இடப்பக்கம் சுழற்றுகிறார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எட்டு முறை சுழற்றினால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். எட்டு மண்டலம் என்ற கணக்கு இந்தச் சுழற்சிக்குள் அழகாக உட்கார்ந்துவிடுகிறது.

ஆனால் அவர்கள் முதலில் நினைத்தது எட்டு இல்லை. ஆறு பைட் என்றால் 48 பிட். 2இன் 48ஆம் அடுக்கு, அதாவது சுமார் 281 லட்சம் கோடி மண்டலம் வைக்க முடியும் என்று இருந்தார்கள். பதிப்பாளர்தான் வேண்டாம் என்றார். அவ்வளவு வைத்தால் எல்லாமே ஒரே மாதிரிதான் என்பது ஆடுகிறவனுக்குப் புரிந்துபோகும்.

இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். ஒரு விதையைப் போட்டுப் பார்த்தபோது ஒரு கோளுக்கு ஆங்கிலத்தில் கொச்சையான ஒரு பெயர் வந்துவிட்டதாம். அந்த மண்டலத்தையே தூக்கிவிட்டு வேறு விதை பார்த்தார்களாம். விதிக்கு அர்த்தம் தெரியாது. எது நல்லா இருக்கு, எது வேண்டாம் என்று பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் நான் சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவன் எங்கயும் வெச்சிருக்கலை சித்தப்பா. மூணு நம்பர், ஒரு கணக்கு. தேவைப்படும்போது போட்டுக்கிறான்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தலைக்கு மேல் தொங்கும் அட்டைகளைக் காட்டினார். "அப்போ இதுக்கும் ஒரு கணக்கு போட்டுக் குடேன்."

தறிக்கு மேல் ஒரு மெமரி

தெரியாதவர்களுக்காக: புடவையில் டிசைன் விழ, தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று இருக்கும். 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய முறை. ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோர்த்து மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு அட்டை என்பது ஒரு ஊடைக்கு. ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி தூக்கும், அதோடு சேர்ந்த பாவு இழைகள் மேலே போகும், நாடா கீழே ஓடும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை அப்படியே இருக்கும். ஒன்று, பூஜ்யம். அவ்வளவுதான். சார்லஸ் பாபேஜ் தன் அனலிட்டிகல் எஞ்சினுக்கு அட்டை யோசனையை எடுத்தது இங்கிருந்துதான்.

சித்தப்பாவின் பெட்டியில் 240 கொக்கி. அப்போ ஒரு அட்டை 240 பிட், அதாவது 30 பைட். இப்போ தறியில் இருக்கும் முந்திக்கு 400 அட்டை. 400 × 30 = 12,000 பைட். அத்தனை வருஷமா தலைக்கு மேல் தொங்குவது 12 கேபி கூட முழுசா இல்லை! பிபிசி மைக்ரோவுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

ஆனால் இதை 6 பைட் ஆக்க முடியுமா? சித்தப்பா கேட்டது அதைத்தான்.

எலி தின்ற 11 அட்டை

கேட்டதற்குக் காரணம் இருந்தது. மழைக்காலத்தில் இந்த அட்டைக் கட்டை இறக்கிப் பரண்மேல் போட்டிருந்தார்கள். எலி புகுந்து 11 அட்டையைக் கடித்துவிட்டது. டிசைன் வரைந்தவர் உயிரோடு இல்லை. அவர் வரைந்த கிராஃப் தாளும் இல்லை. "அட்டை போச்சுன்னா டிசைன் போச்சுடா" என்றார் சித்தப்பா. 400இல் 11 இல்லையென்றால் மீதி 389ஐ வைத்து முந்தி நெய்ய முடியாது. நடுவில் மயிலின் கழுத்தே இருக்காது.

பொறியியல் மாணவன் என்ற திமிரில் நான் சொன்னேன்: "விதி கண்டுபிடிச்சிடலாம் சித்தப்பா."

முந்தியின் ஓரக்கட்டம் மேலும் கீழும் கண்ணாடியில் பார்த்தது மாதிரி ஒன்றாக இருந்தது. அதனால் தொலைந்த 11 அட்டையில் 4 அட்டைக்கு ஜோடி அட்டை நல்ல நிலையில் இருந்தது. பார்த்து அப்படியே அடித்துவிட்டோம். அந்த நாலும் விதியால் திரும்பி வந்தவை.

மீதி ஏழும் மயிலும் கொடியும் வரும் இடம். அங்கே எந்த விதியும் சிக்கவில்லை. பக்கத்து அட்டைகளைப் பார்த்து 'இப்படித்தான் இருக்கும்' என்று நான் நிரப்பிக் காட்டினேன். சித்தப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது மயிலா, கோழியா?" என்றார்.

கடைசியில் வழி சித்தியின் பீரோவில் இருந்தது. பல வருஷம் முன்பு அதே அட்டையில் நெய்த ஒரு புடவை. முந்தியை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, சித்தப்பா ஒவ்வொரு வரியாக எண்ணிச் சொல்ல, நான் கட்டம் போட்ட தாளில் குறித்தேன். ஏழு வரி, வரிக்கு 240. மொத்தம் 1680 'ஆம், இல்லை'. ரெண்டு நாள் ஆனது. கண் எரிச்சலோடு எழுந்தபோது, கொடியில் ஒரு இலை மட்டும் மற்றதைவிட ஒரு இழை சாய்வாக இருப்பதைக் காட்டினேன். தப்பா எண்ணிட்டோமோ என்று கேட்டேன்.

"இல்லடா. அவர் அப்படித்தான் வரைவார். எல்லா இலையும் ஒரே மாதிரி இருந்தா அது கொடி இல்லைன்னு சொல்வார்."

எந்த விதியைப் போட்டிருந்தாலும் அந்த இலை நேராகத்தான் வந்திருக்கும்.

பாடம் என்ன?

கணிதத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ரஷ்யக் கணித மேதை கோல்மொகொரோவ் 1960களில் சொன்னது: ஒரு தகவலின் சிக்கல்தன்மை என்பது, அதை உண்டாக்கக்கூடிய மிகச் சிறிய நிரலின் நீளம். எலைட்டின் 2048 கோளும் பார்க்கத்தான் பெரிசு. அவற்றின் உண்மையான நீளம் 6 பைட்டும் சில வரி நிரலும்தான். ஏனென்றால் அவை அந்த நிரலிலிருந்தே பிறந்தவை.

நம்ம ஊரிலேயே ரெண்டு பக்கத்துக்கும் உதாரணம் இருக்கு. வாசலில் போடும் புள்ளிக் கோலம் விதியில் பிறப்பது. புள்ளி எத்தனை, கோடு எப்படி வளையணும் என்று தெரிந்தால் சின்னக் கோலத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போகலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோரும் 1970களில் கோலங்களை விவரிக்க இலக்கணங்கள் அமைத்து ஆய்வுக் கட்டுரைகளே எழுதினார்கள். கமலா கிரிதிவாசன் என்ற பெயரை ஆட்டோமாட்டா பாடப் புத்தகத்தின் அட்டையில் பார்த்திருப்பீங்களே, அவரேதான். சித்தப்பா தறியின் மயில் இன்னொரு பக்கம். ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக முடிவு பண்ணியது. அதற்குக் குறுக்குவழி கிடையாது. வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நான் எலைட்டை மறுபடி ஆடியதில் கற்றது இதுதான்: விதியில் பிறந்ததை விதியால் மீட்கலாம். கையால் தேர்ந்தெடுத்ததைச் சேமித்தால்தான் உண்டு. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இன்ஜினியர் வேலை. பிராபெனும் பெல்லும் அதைச் சரியாகச் செய்தார்கள். கோள்களை விதிக்கு விட்டார்கள். கப்பல்களின் வடிவத்தை மட்டும் தாங்களே வடிவமைத்து, புள்ளி புள்ளியாகச் சேமித்தார்கள். இடம் போதாத 22 கேபியிலும் கப்பலுக்கு இடம் ஒதுக்கினார்கள்.

2014இல் வந்த எலைட் டேஞ்சரஸில் 40,000 கோடி நட்சத்திர மண்டலம். 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை கேமில் 2இன் 64ஆம் அடுக்கு கோள்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இப்போ ஒரு வரி தட்டினால் ஆயிரம் புடவை டிசைன் போட்டுத் தரும் ஏஐ கருவியும் வந்துவிட்டது. தரட்டும். ஆனால் சித்தி பீரோவில் இருக்கும் அந்த மயிலை அது திருப்பித் தராது.

அதனால் லீவின் கடைசி வாரம் கேமை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தேன். 400 அட்டையையும் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணிமேல் வைத்து போனில் படம் எடுத்தேன். ஓட்டை இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று படிக்க பைத்தானில் ஒரு சின்ன நிரல். நிழல் விழுந்த இடத்தில் எல்லாம் தப்பாகப் படித்தது. அதனால் ஒவ்வொரு அட்டையிலும் எத்தனை ஓட்டை என்று சித்தப்பாவும் சித்தியும் எண்ணிச் சொன்னார்கள். நிரல் சொன்ன எண்ணிக்கையோடு பொருந்தாத அட்டையை மறுபடி படம் எடுத்தேன். நெட்வொர்க்ஸ் வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட செக்சம், இப்படித்தான் எனக்குப் புரிந்தது.

முடிந்ததும் கோப்பின் அளவைக் காட்டினேன். 12,000 பைட். "அவ்வளவுதானா?" என்றார் சித்தப்பா. காலையில் உங்க குடும்ப குரூப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படமே இதைவிடப் பல மடங்கு பெரிசு. பென்டிரைவில் ஒன்று, என் மெயிலில் ஒன்று, தாளில் அச்செடுத்து பீரோவில் ஒன்று என்று மூணு இடத்தில் வைத்தோம்.

பரணில் இன்னும் ஆறு கட்டு அட்டை இருக்கு. அடுத்த லீவுக்கு அதுதான் வேலை. உங்க வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ தறி இருந்தால், தறி போய் அட்டை மட்டும் மிஞ்சியிருந்தால், மினி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையாதீங்க. பரண்மேல் ஏறிப் பாருங்க. எலி முந்திக்கொள்வதற்குள்.